சின்னப் பத்திரிகைக்கு அரசு ஆதரவு: எது சட்டப்படி வருவது, எது தயவில் வருவது?

பள்ளத்தூர் வாசகர் | 4 டிசம்பர் 2025, காலை

போன மாதம் மத்திய அரசு அச்சு விளம்பரக் கட்டணத்தை 26 சதவீதம் ஏற்றியது. லட்சம் பிரதி போகும் நாளிதழுக்குக் கறுப்பு வெள்ளை விளம்பரம் சதுர சென்டிமீட்டருக்கு 47.40 ரூபாயாக இருந்தது, இப்போது 59.68. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஆயிரம், இரண்டாயிரம் பிரதி அடிக்கும் வார, மாத இதழ்களுக்கு இதில் ஒரு பைசா வருமா? வராது. வந்தாலும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. விளம்பரம் கொடுக்கிற கை நாளைக்குத் தலைப்பையும் திருத்தும். அரசு உதவியே வேண்டாம் என்று நிற்பவன்தான் பத்திரிகைக்காரன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

அச்சுக்கூடத்தார் | 4 டிசம்பர், இரவு

மாற்றுக் கருத்து இருக்கிறது. ‘அரசு உதவி’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. இரண்டு வகை உண்டு. ஒன்று, நிபந்தனையை நிறைவேற்றினால் யார் ஆட்சியில் இருந்தாலும், நீங்கள் என்ன எழுதினாலும் தானாக வந்து சேர்வது. அஞ்சல் சலுகை, பத்திரிகை விற்பனைக்கு ஜி.எஸ்.டி. இல்லாதது, சட்டம் கட்டாயப்படுத்தும் அறிவிப்புகள், நூலகச் சந்தா எல்லாம் இந்த வகை. இன்னொன்று, ஓர் அதிகாரி மனம் வைத்தால் மட்டும் வருவது. அரசு விளம்பரம் பெரும்பாலும் அந்த ரகம். முதல் வகையை விட்டுக்கொடுப்பவர் சுதந்திரத்தைக் காப்பாற்றவில்லை, தன் உரிமையை விடுகிறார். அந்தப் பள்ளத்தை அடைக்க யாரோ ஒரு கடைக்காரரிடமோ கட்சிக்காரரிடமோதான் போய் நிற்க வேண்டி வரும்.

அஞ்சலில் இருந்து தொடங்குகிறேன். இங்கே பலர் கோட்டை விடுவது அதில்தான்.

அச்சுக்கூடத்தார் | 5 டிசம்பர்

பதிவு பெற்ற செய்தித்தாள் என்று அஞ்சல் துறையில் எண் வாங்கிவிட்டால் ஒரு பிரதிக்குக் கட்டணம் இதுதான்: 50 கிராம் வரை 25 காசு. 50க்கு மேல் 100 கிராம் வரை 50 காசு. அதற்கு மேல் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 20 காசு. இந்தக் காலத்தில் 25 காசுக்கு ஒரு பொருளை கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு வேறு எதற்கும் கிடையாது.

நிபந்தனைகள்: இரண்டு இதழுக்கு இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. உள்ளடக்கத்தில் பெரும்பகுதி செய்தியோ நடப்பு விஷயமோ ஆக இருக்க வேண்டும். குறைந்தது 50 உண்மையான சந்தாதாரர் பட்டியல் வேண்டும். மனு கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போகும். நம் பக்கத்துக்குக் காரைக்குடி கோட்டம். பதிவு எண்ணை ஒவ்வொரு பிரதியிலும் அச்சிட வேண்டும். குறித்த தேதியில், குறித்த அஞ்சலகத்தில்தான் போட வேண்டும். பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். பலருக்குச் சலுகை நின்றுபோவது புதுப்பிக்காமல் விட்டதால்தான்.

அடுத்தது எடை. சதுர மீட்டருக்கு 45 கிராம் எடையுள்ள செய்தித்தாள் காகிதத்தில் 27.5 x 38 செ.மீ. பக்கம், 8 பக்க வார இதழ் என்றால் நான்கு இலை. சுமார் 19 கிராம். 16 பக்கம் 38 கிராம். இரண்டுக்கும் 25 காசுதான். 24 பக்கம் போட்டால் 56 கிராம், கட்டணம் இரட்டிப்பு. தீபாவளி, பொங்கல் மலருக்கு மட்டும் 24 போடுவோர் இதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

மாத இதழில் சிக்கல் நுணுக்கமானது. ஏ4 அளவு, 48 பக்கம், 60 கிராம் மேப்லித்தோ (வெள்ளை அச்சுத்தாள்), 130 கிராம் ஆர்ட் அட்டை. உள்தாள் 90 கிராம், அட்டை 16 கிராம், மொத்தம் 106. நூறைத் தாண்டிவிட்டது, 70 காசு. 40 பக்கமாகக் குறைத்தால் 91 கிராம், மேலுறை சேர்ந்தாலும் நூறுக்குள் அடங்கும். அச்சுக்காரர் 48 பக்கம்தான் சவுகரியம் என்பார், மூன்று பதினாறுபக்கப் பாரம் (ஒரே தாளில் அடித்து மடிக்கும் கட்டு) என்று. அவரிடம் 16, 16, 8 என்று கேளுங்கள். அல்லது பக்கத்தை 18 x 24 செ.மீ. ஆக்கிவிடுங்கள். அந்த அளவில் 64 பக்கம் போட்டால்கூட அட்டையோடு 94 கிராம்தான்.

பிரதி எடுத்து வீட்டுத் தராசில் நிறுத்தும்போது 98 காட்டினால் அதை நம்பிப் போகாதீர்கள். காகித ஆலையின் கிராம் அளவிலேயே கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் நீர் குடிக்கும். மேலுறை 3 கிராம், முகவரிச் சீட்டு, பசை. கவுன்டரில் 101 காட்டினால் அத்தனை கட்டுக்கும் கூடுதல் கட்டணம். 94ஐத் தாண்டாமல் வடிவமைப்பதே பாதுகாப்பு.

தேவகோட்டை வக்கீல் | 5 டிசம்பர்

31 நாள் நிபந்தனையைக் கொட்டை எழுத்தில் போடுங்கள் அண்ணே. காலாண்டிதழ், இருமாத இதழ் நடத்தும் இலக்கியக்காரர்கள் எல்லோரும் இதில் அடிபடுகிறார்கள். ‘பெரிய இதழாகக் கொண்டுவருகிறோம், மூன்று மாதத்துக்கு ஒன்று போதும்’ என்று முடிவெடுத்த அன்றே சலுகை போய்விடும்.

கோட்டையூர் நூலகம் | 6 டிசம்பர்

அவர்களுக்கு ஞான் போஸ்ட் இருக்கிறதே? 2025 மே 1 முதல் வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய்.

அச்சுக்கூடத்தார் | 6 டிசம்பர்

ஞான் போஸ்ட் நூல்களுக்கு மட்டும். பருவ இதழையும் விளம்பரம் உள்ள வெளியீட்டையும் அதில் ஏற்க மாட்டார்கள். ஆகவே காலாண்டிதழ் இரண்டுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது. 31 என்ற எண்ணை 92 ஆக்கினால் அஞ்சல் துறைக்குப் பெரிய நட்டம் வராது, தமிழில் வரும் சிற்றிதழ்கள் பாதி மூச்சு விடும். இப்படிப்பட்ட கொள்கை மாற்றத்துக்குத்தான் நாம் குரல் கொடுக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை | 8 டிசம்பர்

வரி விஷயம் நான் எழுதுகிறேன்.

பத்திரிகை விற்பனைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அச்சுப் பத்திரிகையில் விளம்பர இடம் விற்றால் 5 சதவீதம். இணையதளத்தில் அதே விளம்பரத்துக்கு 18. செய்தித்தாள் காகிதத்துக்கு 5. தாளை நீங்களே வாங்கிக் கொடுத்து அச்சுக்கூலி மட்டும் கட்டினால் பத்திரிகை அச்சுக்கும் 5தான். அச்சகமே தாளும் போட்டு ஒட்டுமொத்தமாக பில் கொடுத்தால் வகைப்பாடு மாறும், வரியும் ஏறலாம். பில்லில் தாள், கூலி இரண்டையும் தனித்தனி வரிசையில் காட்டினால் மட்டும் போதாது, தாள் உங்கள் பெயரில் வாங்கியதாகவே இருக்க வேண்டும்.

பலர் இடறி விழுவது உள்ளீட்டு வரியில், அதாவது செலவுகளுக்கு நாம் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுப்பதில். விற்பனை வரிவிலக்குப் பெற்றது, விளம்பரம் வரிக்கு உட்பட்டது. மாத வரவு ஒரு லட்சம், அதில் சந்தாவும் விற்பனையும் 60 ஆயிரம், விளம்பரம் 40 ஆயிரம் என்றால், பொதுச் செலவுக்குக் கட்டிய வரியில் 40 சதவீதத்தைத்தான் திரும்ப எடுக்க முடியும். இது ஜி.எஸ்.டி. விதி 42. முழுவதையும் எடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து வட்டியோடு கட்டுவது வழக்கமாகிவிட்டது. ‘வரிவிலக்கு’ என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விலக்கு என்பது வேறு, பூஜ்ய வீதம் என்பது வேறு. பூஜ்ய வீதமாக இருந்தால் உள்ளீட்டு வரி முழுவதும் திரும்பி வரும். பிரிட்டனில் செய்தித்தாளுக்கு அப்படித்தான். சின்னப் பத்திரிகைக்குச் சத்தமில்லாமல் உதவ நினைக்கும் அரசு இதைச் செய்யலாம். எந்தப் பத்திரிகை என்ன எழுதியது என்று யாரும் பார்க்கத் தேவையே இல்லை.

பள்ளத்தூர் வாசகர் | 8 டிசம்பர்

தகவலுக்கு நன்றி. நான் சொன்னது விளம்பரத்தைப் பற்றி. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை | 9 டிசம்பர்

சொல்கிறேன். மத்திய அரசு விளம்பரங்களைக் கொடுப்பது மத்திய மக்கள் தொடர்பகம். அதன் பட்டியலில் சேர 36 மாதம் இடைவிடாது வெளிவந்திருக்க வேண்டும், குறைந்தது 2,000 பிரதி விற்பனை வேண்டும். 25,000 வரை சிறிய பத்திரிகை, 75,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. 2016 கொள்கையில் தொகையில் சிறியதுக்குக் குறைந்தது 15 சதவீதம், நடுத்தரத்துக்கு 35, பெரியதுக்கு அதிகபட்சம் 50 என்று பங்கிட்டார்கள். அதோடு நூறு மதிப்பெண் முறை: சரிபார்த்த விற்பனைக்கு 25, ஊழியருக்கு வருங்கால வைப்பு நிதி கட்டினால் 20, பக்க எண்ணிக்கைக்கு 20, செய்தி நிறுவனச் சந்தாவுக்கு 15, சொந்த அச்சகத்துக்கு 10, பிரஸ் கவுன்சில் கட்டணம் செலுத்தியிருந்தால் 10.

இதில் வைப்பு நிதிக்கு 20 வைத்ததை நான் மனதார வரவேற்கிறேன். நிருபருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுப்பவனுக்கு விளம்பரம் என்பது நல்ல கொள்கை. 20 பேருக்குக் குறைவான இடத்துக்கு வைப்பு நிதி கட்டாயமில்லை, ஆனால் முதலாளியும் ஊழியரும் ஒப்புக்கொண்டால் தாமாகவே சேரலாம். சொந்த அச்சகத்துக்கு 10 என்பதுதான் உள்ளூர் இதழைக் கொல்கிறது. இன்றைக்கு எந்த வார இதழ் சொந்தமாக வெப் ஆஃப்செட் (சுருள் தாளில் அடிக்கும் பெரிய அச்சு இயந்திரம்) வைத்திருக்கிறது? சிவகாசியிலோ மதுரையிலோ அடித்து பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். மூலதனம் உள்ளவனுக்கு மதிப்பெண் கொடுப்பது இதழியலுக்குக் கொடுக்கும் ஆதரவு ஆகாது.

விற்பனைக்கு ஏற்ப கட்டணம் என்பதால் எண்ணை ஊதிப் பெருக்கும் நோய் வருகிறது. பிடிப்பது எளிது. 8 பக்க வார இதழ் 2,500 பிரதி என்று சான்று வாங்கினால் 52 வாரத்துக்கு 2,444 கிலோ தாள் போயிருக்க வேண்டும், கழிவு 5 சதவீதம் சேர்த்தால் சுமார் 2,570 கிலோ. தாள் பில்லில் ஒரு டன் மட்டும் இருந்தால் மீதி எங்கே? தாள் பில், அச்சகப் பில், அஞ்சலகச் சலான், முகவர் கணக்கு நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத சான்றில் கையெழுத்துப் போடும் ஆடிட்டர் தன் உரிமத்தைப் பணயம் வைக்கிறார்.

தேவகோட்டை வக்கீல் | 9 டிசம்பர்

பள்ளத்தூராரின் அச்சம் நியாயமானது, ஆனால் சட்டம் கைவிடவில்லை. எழுத்துக்காக அரசு விளம்பரத்தை நிறுத்திப் பழிவாங்கக் கூடாது என்று உஷோதயா பப்ளிகேஷன்ஸ் வழக்கில் ஆந்திர உயர்நீதிமன்றம் சொன்னது. 2015 மே 13 அன்று காமன் காஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அரசு விளம்பரத்துக்கு நெறிமுறை வகுத்தது. ஆனால் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பதும் விளம்பரம் கைக்கு வருவதும் வேறு வேறு. நிறுத்தியதற்குக் காரணம் எழுதித் தர மாட்டார்கள். ‘இந்தக் காலாண்டில் தேவைப்படவில்லை’ என்று ஒரு வரி வரும். அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க இரண்டு வருடப் பட்டியலை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். ஆகவே எந்த அரசு விளம்பரமும் மொத்த வரவில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நின்றால் ஒரு பக்கத்தைக் குறைக்கலாம், இதழை நிறுத்த வேண்டாம்.

பழைய வழக்குகளும் இதையே காட்டுகின்றன. பெரிய பத்திரிகைகளின் போட்டியில் இருந்து சின்னதைக் காக்கிறோம் என்று 1956இல் விலை-பக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள், 1960இல் ஆணை. எத்தனை பக்கம், என்ன விலை என்று அரசே வரையறுத்தது. சகால் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை அடித்துப் போட்டது. 1972இல் பத்துப் பக்க வரம்போடு வந்த செய்தித்தாள் காகிதக் கொள்கையும் பென்னட் கோல்மன் வழக்கில் போயிற்று. பெரியவனைச் சுருக்கிச் சின்னவனை வளர்க்கும் வழி நம் அரசியல் சாசனத்தில் இல்லை. சின்னவனுக்கு நேரே கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை.

கோட்டையூர் நூலகம் | 11 டிசம்பர்

காகிதம் பற்றி ஒன்று. கரூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு அரசு 1979இல் டி.என்.பி.எல். (தமிழ்நாடு நியூஸ்பிரின்ட் அண்ட் பேப்பர்ஸ்) தொடங்கியபோது கரும்புச் சக்கையில் இருந்து செய்தித்தாள் காகிதம் செய்வதுதான் முதல் நோக்கம். நிறுவனப் பெயரிலேயே ‘நியூஸ்பிரின்ட்’ இருக்கிறது. நாளடைவில் எழுது, அச்சுத் தாளுக்கு மாறிவிட்டார்கள், அதில் லாபம் அதிகம். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிக் காகிதத்துக்கு 10 சதவீதச் சுங்கவரி போட்டு, 2020இல் 5 ஆகக் குறைத்தார்கள். உள்ளூர் இதழ் எதுவும் இறக்குமதி செய்வதில்லை, வியாபாரியிடம் ரீமாக வாங்குகிறது. வரிக் குறைப்பு அந்த விலைக்கு முழுசாக இறங்குவதில்லை. காகிதம் மூலம் உதவுவது பெரியவர்களுக்குத்தான் போய்ச் சேரும். நூலகம் மூலம் உதவுவது வாசகனுக்கும் போகும், இதழுக்கும் போகும்.

பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டு வீட்டுக்கும் வீட்டுவரி கட்டுகிறோம். அந்த வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் நிலுவை வைக்கும்போது முதலில் வெட்டு விழுவது பருவ இதழ்ச் சந்தாவில். மாவட்டத்தின் கிளை நூலகங்கள் எல்லாம் அங்கேயே பதிவாகி வரும் வார இதழுக்கு ஒரு சந்தா கட்டினால், அந்த இதழுக்கு அது நிலையான தளம். தேர்வு செய்வதற்குக் குழு வேண்டாம், விதி போதும்: மாவட்டத்தில் பதிவு, 12 மாதம் தவறாத வெளியீடு, ஆண்டறிக்கை தாக்கல்.

அச்சுக்கூடத்தார் | 11 டிசம்பர்

இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். கூடவே ஒரு கடமையையும் நினைவூட்டுகிறேன். நூல்களையும் செய்தித்தாள்களையும் பொது நூலகங்களுக்கு ஒப்படைக்கச் சொல்லும் 1954 சட்டம், 1956 திருத்தத்தோடு, ஒவ்வொரு இதழிலும் ஒரு பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி பொது நூலகங்களுக்கு இலவசமாக அனுப்பச் சொல்கிறது. பாரம் என்று விட்டுவிடுகிறார்கள். காரைக்குடியில் ராய. சொக்கலிங்கம் நடத்திய ‘ஊழியன்’, சொ. முருகப்பாவின் ‘குமரன்’ எல்லாம் இன்று தேடினால் தனியார் சேகரிப்பில்தான் கிடைக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒருவர் சேர்த்து வைக்கவில்லை என்றால் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் பாதி போயிருக்கும். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. சட்டப்படி சேர வேண்டிய பிரதி சேர்ந்தால் தனிமனிதர் ஒருவரின் ஆர்வத்தை நம்பி இருக்க வேண்டாம்.

பள்ளத்தூர் வாசகர் | 12 டிசம்பர்

அந்தப் பத்திரிகைகள் அரசுப் பணமா வாங்கின? நகரத்தார் வியாபாரிகள் தாங்கினார்கள். என் கட்சிக்கு இதுவே சாட்சி.

அச்சுக்கூடத்தார் | 12 டிசம்பர்

தாங்கியது உண்மை. தாங்கியவர் கோபப்பட்டால் என்ன ஆகும் என்பதும் அதே அளவு உண்மை. இன்றைக்கும் கும்பாபிஷேக மலர், மணிவிழா வாழ்த்து, நகைக்கடை, ஜவுளிக்கடை பின்னட்டை இவைதான் உள்ளூர் இதழின் வரவு. கோயில் டிரஸ்டி பற்றியோ கடைக்காரர் கட்டிய விதிமீறல் மாடி பற்றியோ செய்தி வந்தால் மறுவாரம் விளம்பரம் நிற்கும். தயவு அரசிடம் இருந்து வந்தாலும் முதலாளியிடம் இருந்து வந்தாலும் தயவுதான். விதிப்படி வரும் வரவு கூடக் கூட இரண்டு பேரிடமும் நிமிர்ந்து பேசலாம்.

தேவகோட்டை வக்கீல் | 15 டிசம்பர்

விதிப்படி வரும் வரவில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது: சட்டபூர்வ அறிவிப்பு. நம் ஊரில் இது கொஞ்சநஞ்சம் இல்லை.

ஒரு வளவு வீட்டை (பங்காளிகளுக்குப் பொதுவான செட்டிநாட்டுப் பெரிய வீடு) எடுத்துக்கொள்ளுங்கள். பங்காளி முப்பது பேர். பாதிப்பேர் சென்னை, சிலர் மலேசியா, சிலர் எங்கே என்றே தெரியாது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் எல்லோருக்கும் சம்மன் சார்பு செய்ய (கையில் சேர்ப்பிக்க) முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 5, விதி 20இன்படி நீதிமன்றம் பத்திரிகை மூலம் சார்பு செய்ய உத்தரவிடலாம். செலவு வழக்காடுபவருடையது, அரசுக்குக் காசில்லை, அதிகாரி தயவும் இல்லை. ஆனால் விதி 20(1ஏ) ‘நாளிதழ்’ என்று சொல்கிறது: பிரதிவாதி கடைசியாக வசித்த பகுதியில் புழங்கும் நாளிதழ். வார இதழ் வெளியே.

வங்கி ஜப்தி: கடனுக்கு ஈடான சொத்தை வங்கி கைப்பற்றுவதற்கான 2002 விதிகளில் விதி 8, சுவாதீன அறிவிப்பை ஏழு நாளுக்குள் இரண்டு முன்னணிப் பத்திரிகைகளில், ஒன்று வட்டார மொழியில், வெளியிடச் சொல்கிறது. ‘முன்னணி’ என்ற சொல் நம்மை வெளியேற்றும். 2013 நில எடுப்புச் சட்டம் பிரிவு 11 இரண்டு நாளிதழ் என்கிறது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் பிரிவு 3ஏ(3) என்ன சொல்கிறது பாருங்கள்: இரண்டு உள்ளூர்ச் செய்தித்தாள், ஒன்று வட்டார மொழி. ‘நாள்’ என்ற பேச்சே இல்லை. 2023ஆம் ஆண்டு பத்திரிகைப் பதிவுச் சட்டம், 2024 மார்ச் 1 முதல் நடைமுறை, செய்தித்தாள் என்பதற்குத் தினமும் அல்லது வாரம் ஒரு முறையாவது வருவது என்று வரையறை தருகிறது. ஆகவே 536ஆம் எண் சாலைக்குத் திருமயத்தில் இருந்து தேவகோட்டை வரை எங்கே நிலம் எடுத்தாலும், பதிவு பெற்ற உள்ளூர் வார இதழ் ‘எங்களுக்கும் தகுதி உண்டு’ என்று நில எடுப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். அரசிதழ் அறிவிக்கையில் இருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும் என்பதால், அதற்குள் உள்ளூர்க்காரன் கண்ணில் படுவது உயிர்ப் பிரச்சினை.

கணக்குப்பிள்ளை | 15 டிசம்பர்

வக்கீல் ஆச்சி வந்தாச்சு, இனி வாய்தா கிடையாது! ஆச்சி, ஒரு கேள்வி. எந்தப் பத்திரிகையில் போடுவது என்று தீர்மானிப்பது யார்? வாதி தேர்ந்தெடுத்தால், யாரும் படிக்காத இதழாகப் பார்த்துப் போட்டு, பங்காளிக்குத் தெரியாமல் ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிடுவாரே? நாளிதழிலேயே வேறு மாவட்டப் பதிப்பில் போட்டுவிட்டுப் பிரதியைத் தாக்கல் செய்யும் வேலை நடக்கிறது.

தேவகோட்டை வக்கீல் | 16 டிசம்பர்

நடக்கிறது. இந்தக் கோணத்தில் யோசித்தால் என் கோரிக்கையைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். வார இதழ் நாளிதழுக்குப் பதிலாக வேண்டாம், நாளிதழோடு கூடுதலாக வரட்டும். எந்த இதழ் என்பதை நீதிமன்றம் பட்டியலில் இருந்து சுழற்சி முறையில் தீர்மானிக்கட்டும். தாக்கல் செய்யும் பிரதியில் பதிப்பு ஊரும் பக்க எண்ணும் தெரிய வேண்டும். கத்தரித்த துண்டு கூடாது, முழுப் பக்கம்தான். அறிவிப்பு வெளியான பக்கம் கன்னிமாராவுக்குப் போனதற்கு ரசீது இருந்தால் பின்னால் தகராறு வராது.

திருத்தத்துக்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணை விதிகளை மாற்ற உயர்நீதிமன்றத்துக்கே அதன் பிரிவு 122இல் அதிகாரம் உண்டு. இதற்கான விதிக்குழு பிரிவு 123இல் வருகிறது. வரைவை முன்கூட்டி வெளியிட வேண்டும், பிரிவு 126இன்படி மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே மனு சென்னை உயர்நீதிமன்ற விதிக்குழுவுக்குப் போக வேண்டும்.

கோட்டையூர் நூலகம் | 18 டிசம்பர்

வெளிநாட்டில் நேரடி உதவியே கொடுக்கிறார்கள். நார்வே 1969இல் இருந்தும் ஸ்வீடன் 1971இல் இருந்தும். அங்கெல்லாம் பத்திரிகை அடிமையாகிவிடவில்லை. கனடா 2019இல் நிருபர் சம்பளத்தில் 25 சதவீதத்தை வரிக்கழிவாகத் திருப்பிக் கொடுத்தது, ஒருவருக்கு 55,000 டாலர் சம்பளம் வரை. 2023 முதல் அது 35 சதவீதம், 85,000 வரை.

அச்சுக்கூடத்தார் | 18 டிசம்பர்

கனடா முறையில் எனக்குப் பிடித்தது, பணம் நிருபரின் சம்பளத்தோடு கட்டப்பட்டிருப்பது. பிடிக்காதது, தகுதி பெறக் குறைந்தது இரண்டு நிருபர் வேலையில் இருக்க வேண்டும் என்பது. நம் பக்கத்தில் ஆசிரியரும் நிருபரும் பிழை திருத்துபவரும் ஒரே ஆளாக இருக்கும் இதழ்கள்தான் அதிகம். அதே கனடாவில் இன்னொரு சட்டம் போட்டார்கள், இணைய நிறுவனங்கள் செய்திக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று. 2023 ஆகஸ்டில் மெட்டா அங்கே செய்தியையே தன் தளங்களில் நிறுத்திவிட்டது. அதிகம் அடிபட்டது சின்ன ஊர்ப் பத்திரிகை.

நம் ஊர் நிலை வேறு மாதிரி. பகுதிநேர நிருபருக்குச் சம்பளச் சீட்டே இல்லை, எழுதும் வரிக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. மாநில அரசு ஓய்வூதியம், நல வாரியம் எல்லாம் வைத்திருந்தாலும், பணிச்சான்றும் வைப்பு நிதிக் கணக்கும் இல்லாதவர் வாசலிலேயே நிற்கிறார். பத்திரிகை ஊழியர் சம்பளத்துக்கான மஜிதியா ஊதியக்குழுப் பரிந்துரை 2011 நவம்பர் 11இல் அறிவிக்கையானது, 2014 பிப்ரவரி 7இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அது எந்தத் தாலுகா நிருபர் வீட்டுக்கு வந்தது? இப்போது 1955 உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமே புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, 2025 நவம்பர் 21 முதல். ஆகவே பணி நியமனக் கடிதம் ஒன்றையாவது எழுத்தில் கொடுங்கள். பதவி, சேர்ந்த தேதி, மாதத் தொகை என்று மூன்று வரி இருந்தாலும் பின்னால் அந்த மனிதருக்கு அதுவே சான்று.

பள்ளத்தூர் வாசகர் | 21 டிசம்பர்

ஒரு வாரமாக எல்லாவற்றையும் படித்தேன். அரசு விளம்பரம் பற்றிய என் நிலை மாறவில்லை. அஞ்சல், நூலகம், நீதிமன்ற அறிவிப்பு மூன்றையும் விளம்பரத்தோடு சேர்த்துப் பேசக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் பதிவே அரசு கையில்தானே? 2023 சட்டத்தில் பதிவாளருக்கு வளாகத்துக்குள் நுழைந்து ஆவணம் பார்க்கும் அதிகாரம் இருக்கிறது. பத்திரிகை ஆசிரியர்கள் அமைப்பான எடிட்டர்ஸ் கில்டு அப்போதே கவலை தெரிவித்தது. எல்லாச் சலுகையும் பதிவில் தொங்கினால் அந்த ஒரு ஆணியைப் பிடுங்கினால் போதுமே.

தேவகோட்டை வக்கீல் | 22 டிசம்பர்

அந்தக் கவலை எனக்கும் உண்டு, இறக்கி வைக்க மாட்டேன். அதனால்தான் தாள்களைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்கிறோம். பெரும்பாலும் பதிவுக்கு ஆபத்து வருவது எழுத்தால் வருவதாகக் காட்ட மாட்டார்கள், ஆண்டறிக்கை இல்லை, வெளியீடு இடைவெளி என்று காட்டுவார்கள். அந்தப் பிடியைக் கொடுக்காதீர்கள். ஆண்டறிக்கையை மே 31க்குள் பத்திரிகைப் பதிவாளரின் பிரஸ் சேவா இணையதளத்தில் போட்டு ஒப்புகையை அச்செடுத்து வையுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர், உரிமையாளர், ஆசிரியர், அச்சக முகவரி கொண்ட விவர வரி ஒவ்வொரு இதழிலும் வர வேண்டும். அச்சகம் மாறினால் அன்றே தளத்தில் மாற்றுங்கள். சிவகாசியில் மின்வெட்டு என்று ஒரு வாரம் மதுரையில் அடித்துவிட்டு பழைய அச்சக முகவரியோடே விடுவதுதான் அதிகம் நடக்கும் கோளாறு. பதிவை ரத்து செய்தால் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது, அங்கே பேசப்போவது இந்தத் தாள்கள்தான்.

புதிதாகத் தொடங்குவோருக்கு: தலைப்பும் பதிவும் இப்போது ஒரே விண்ணப்பம். மாவட்ட ஆட்சியர் பக்கம் 60 நாளில் பதில் வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்காமல் பதிவாளர் முடிவெடுக்கலாம். முன்பு போல உறுதிமொழிப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் அலைய வேண்டாம். இது நல்ல மாற்றம், சொல்லத்தான் வேண்டும்.

கணக்குப்பிள்ளை | 27 டிசம்பர்

மனு வரைவு போட்டாச்சு. மூன்று பத்தி. முதல் பத்தி அஞ்சல் துறைக்கு, 31 நாளை 92 ஆக்க. இரண்டாவது பொது நூலகத் துறைக்கு, மாவட்ட இதழ்ச் சந்தா. மூன்றாவது விதிக்குழுவுக்கு. மூன்றையும் ஒரே தாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்துவிடலாமா?

தேவகோட்டை வக்கீல் | 27 டிசம்பர்

வேண்டாம் தம்பி. மூன்று துறை, மூன்று தனி மனு. ஒன்றாகக் கொடுத்தால் ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று ஒரே பதிலோடு முடியும். அஞ்சல் மனு சென்னை தலைமை அஞ்சல்துறைத் தலைவருக்கு, நகல் தொகுதி எம்.பி.க்கு. மூன்றாவது மனுவில் ‘நாளிதழ் அல்லது வார இதழ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘அல்லது’ வந்தால் வாதி மலிவான இடத்தைப் பார்த்துப் போய்விடுவார். ‘நாளிதழிலும், கூடுதலாக அப்பகுதியில் புழங்கும் பதிவு பெற்ற வாராந்திரச் செய்தித்தாள் ஒன்றிலும்’ என்று மாற்றுங்கள். இணைப்பாக மூன்று இதழின் பதிவுச் சான்று நகல், கடைசி ஆண்டறிக்கை ஒப்புகை, ஒரு மாதத்துப் பிரதிகள்.

அச்சுக்கூடத்தார் | 28 டிசம்பர்

புதுவயல், தேவகோட்டை இதழ்களின் தாள்கள் வந்துவிட்டன. மூன்றாவது இதழுக்கு ஆண்டறிக்கை ஒப்புகை மட்டும் பாக்கி. பள்ளத்தூராரே, உங்கள் ஊர் இதழ்க்காரரைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள். பொங்கலுக்கு முன் மூன்றும் பதிவுத் தபால் வசதியோடு ஸ்பீடு போஸ்டில் போகட்டும்.

பள்ளத்தூர் வாசகர் | 28 டிசம்பர்

நாளைக் காலையில் அனுப்புகிறேன். மூன்றாவது மனுவில் என் பெயரையும் சேருங்கள்.